தூங்கவிடாத பாடம்

யமுனா தூங்கிக்கொண்டிருந்தாள். அதை மாமனார் பார்த்துவிட்டார்.

இதைவிடப் பெரிய விபத்து அந்த வீட்டில் அந்த வருஷம் நடக்கவில்லை. ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில், வாழைத் தோப்பைப் பார்த்த மாடி போர்ஷன். பங்குனி வெயில் சுள்ளென்று ஏறிவிட்ட நேரம். பொன்மலையிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்த மருதை, கையில் முருங்கைக்கீரைக் கட்டோடு மாடிப்படி ஏறினார். கதவு திறந்தே கிடந்தது.

உள்ளே பாயில் மருமகள். நெற்றியில் ஈரத்துண்டு. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் தலைமாட்டில் ஏழு வயதுப் பேரன் அன்புச்செல்வன், பிளாஸ்டிக் ஸ்கேலைச் சாட்டை மாதிரி ஆட்டிக்கொண்டு, தூங்குகிறவளுக்கு வாழைமரத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான்.

"டேய், என்னடா இது கூத்து?"

"உஷ்! சத்தம் போடாதீங்க தாத்தா. நான் தோத்துட்டேன்."

"என்னத்தத் தோத்த?"

"அம்மா தூங்கிட்டாங்கல்ல. தூங்கிட்டா நாங்க அவுட்டு."

ஜன்னலோரம் படம் வரைந்துகொண்டிருந்த பத்து வயது கனிஷ்கா தாத்தாவைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைத்தாள். வாயைத் திறக்கவில்லை. யாராவது முகத்தைப் பார்த்தால் அவள் வாய் திறப்பதில்லை.

மருதை கீரைக்கட்டைத் தொப்பென்று தரையில் போட்டார். யமுனா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் தலை சுற்றி, சுவரைப் பிடித்தாள். அஞ்சாம் மாசம். ஏழு வருஷத்துக்கு அப்புறம் பிள்ளைத்தாய்ச்சி ஆனதில் உடம்பு புதுசாக எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

"வாங்க மாமா. இப்பத்தான் கண்ணசந்தேன்..."

"பாத்தேன், பாத்தேன். பள்ளிக்கூடம் நல்லாத்தான் நடக்குது. வாத்தியாரம்மா தூங்குறாங்க, புள்ளைங்க சுவத்துக்குப் பாடம் நடத்துதுங்க."

மருதையின் கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ரயில்வே ஒர்க்ஷாப்பில் பழுத்த இரும்பைச் சம்மட்டியால் அடித்து ரிட்டயர் ஆனவர். சின்ன வயசில் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அவரை வகுப்புக்குள்ளே விடவில்லை. வராந்தாவில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக விழுந்த பாடத்தைப் பொறுக்கிப் படித்தார். மகன் பிறந்ததும் பீமராவ் என்று பெயர் வைத்து, "இவன் முதல் பெஞ்சுல உட்காருவான்" என்றார். உட்கார்ந்தான். அந்தப் பீமராவ் இப்போது முசிறி–திருச்சி ரூட்டில் கண்டக்டர். அவன் பிள்ளைகளைத்தான் போன வருஷம் யமுனா பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தாள்.

"நாங்க உள்ள போறதுக்கு எத்தன பேருகிட்ட அடி வாங்கியிருக்கோம் தெரியுமா? நீ பாட்டுக்குக் கையப் புடிச்சி வெளிய இழுத்தாந்துட்ட."

"உள்ள போனா மட்டும் போதுமா மாமா? போனவ பேசாம ஆயிட்டாளே!"

கனிஷ்காவுக்குத் திக்குவாய். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். ஒரு எழுத்தில் நின்றுவிட்டால், சரியாக வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். வகுப்பே சிரிக்கும். காலையில் யூனிபாரத்தைப் பார்த்தாலே குழந்தை வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். கடைசியில் வீட்டிலும் பேச்சு நின்றுபோனது. அக்கா இல்லாமல் தம்பி போக மாட்டேன் என்று அடம். பி.எஸ்சி. விலங்கியல் படித்துவிட்டுத் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்த யமுனா, ரெண்டு பேரையும் வீட்டில் வைத்துக்கொண்டாள்.

"பேசாம இருக்கவள ஊமையாவே வச்சிக்கிறதுக்கா வீட்டுல வச்சிருக்க?" மருதை விடவில்லை. "இந்தா பாரு ஆயி. உனக்கு வளைகாப்பு வருதுல்ல? அன்னிக்கு ஸ்தனிஸ்லாஸ் வாத்தியாரக் கூட்டியாறேன். நாலு பேரு முன்னாடி ரெண்டு பேரையும் கேள்வி கேப்பாரு. பதில் சொல்லிட்டாங்கன்னா நான் அதுக்கப்புறம் வாயத் தொறக்கல. சொல்லலைன்னா, ஜூன் மாசம் ரெண்டும் எங்கூடப் பொன்மலைக்கு வருது. அங்கேர்ந்து ஸ்கூலுக்குப் போவும். நீயும் படுத்துத் தூங்கு, யாரும் கேக்க மாட்டாங்க."

யமுனா கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த பீமராவ் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். யமுனா விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா சொன்னா சொன்னதுதான். ஸ்டேஜ் இல்லாத எடத்துல பெல் அடிச்சாலும் வண்டி நிக்காது."

"நீங்க எந்தப் பக்கங்க?"

"நான் கண்டக்டர்டி. ரெண்டு படிக்கட்டுக்கும் நடுவுல." சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. கீழே உட்கார்ந்து அவள் கால்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். வீங்கியிருந்தன. "எனக்கும் பயமாத்தான் இருக்கு யமுனா. கனி அத்தன பேரு முன்னாடி வாயத் தொறப்பாளா?"

"எங்கிட்ட பேசுறா."

"நெசமாவா?"

"நான் கண்ண மூடிக்கிட்டா பேசுறா."

அந்த ரகசியம் அவளுக்கே தற்செயலாகத்தான் கிடைத்தது. மூணாம் மாசம். கடுகு தாளிக்கிற வாசனை வந்தாலே குடல் வெளியே வந்தது. உட்கார்ந்தால் கண் இருட்டியது. எலும்புக்குள்ளே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி அசதி. பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பாயில் சரிந்தவள், வேறு வழி தெரியாமல் சொன்னாள்:

"நான் படுத்துக்கிறேன். நீங்க புஸ்தகத்தப் படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. கண்ண மூடிக்கிட்டுத்தான் கேப்பேன். நான் தூங்கிட்டா நீங்க தோத்தீங்க. முழிச்சிருந்தா 'அப்புறம்?'னு கேப்பேன்."

அன்றைக்கு ஆரம்பித்தது விளையாட்டு. ஆனால் கஷ்டமான விளையாட்டு. புஸ்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தால் அம்மா ரெண்டாவது வரியிலேயே குறட்டை. கதை மாதிரி சொல்ல வேண்டும். நடுவில் ஒரு முடிச்சு வைக்க வேண்டும். எந்த இடத்தில் அம்மா கவிழ்ந்தாள் என்று அக்காவும் தம்பியும் பின்வாசலில் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணினார்கள். "நீ பேரு பேரா அடுக்குன, அதான் போயிட்டாங்க." "நாளைக்கு முதலையிலேர்ந்து ஆரம்பிக்கலாம்." ஒரே பாடத்தை நாலு தடவை படித்துவிட்டு வந்தார்கள்.

அப்படி ஒரு மத்தியானம்தான், கண் மூடிய இருட்டுக்குள் யமுனா அந்தக் குரலைக் கேட்டாள். கனிஷ்கா. மெல்ல ஆரம்பித்து, திக்கி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தொடர்ந்து, ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்தாள். யமுனாவின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கவில்லை. கண்ணைத் திறந்தால் அந்தக் குரல் கிளையிலிருந்து பறந்துவிடும்.

"அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள்.

மருதை கெடு வைத்தாரே ஒழிய, வருவதை நிறுத்தவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஜர். கையில் ஸ்டீல் பிளாஸ்க். தெருமுனைக் கடையில் ஸ்ட்ராங்காகப் போடச் சொல்லி வாங்கிய டீ.

"குடி. தூக்கம் ஓடிப்போவும். ரத்த மாத்திரையப் போட்டியா?"

"சாப்புட்டுட்டுப் போடணும் மாமா."

"இப்பவே போடு. டீயில போட்டாத்தான் சூடா எறங்கும்."

அவள் விழுங்குகிறவரை எதிரில் நின்று பார்ப்பார். தம்ளரைக் காலி பண்ணினால்தான் நகர்வார். திட்டுகிற வாய்தான். ஆனால் அந்த மனுஷனுக்கு அன்பைக் காட்டத் தெரிந்த ஒரே வழி, அடுப்பிலிருந்து இறக்கின சூட்டில் எதையாவது கொண்டுவந்து கொடுப்பது.

அசதியோ குறையவில்லை. சித்திரை முடிகிற சமயம் தில்லை நகர் கிளினிக்குக்குப் போனார்கள். கனிஷ்காவும் கூட வந்தாள். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"ரத்தம் ஏறவே இல்லியேம்மா. இரும்புச்சத்து மாத்திரை போடுறீங்களா இல்லியா?"

"தவறாம போடுறேன் டாக்டர்."

"எதோட போடுறீங்க?"

"டீயோட."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கிழிஞ்சுது போங்க. டீயில போட்டா மாத்திரை எதுக்கு? ஒரு டம்ளர் எலுமிச்ச ஜூஸோட போடுங்க. டீ குடிச்சே ஆகணும்னா ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிங்க."

"ஏ... ஏ... ஏன்?" என்றது பக்கத்தில் ஒரு சின்னக் குரல்.

அடுத்த பேஷண்ட் உள்ளே வந்துவிட்டார். பதில் கிடைக்கவில்லை. கனிஷ்காவுக்குப் பதில் கிடைக்காவிட்டால் சோறு இறங்காது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் காலேஜ் புஸ்தகங்களைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள்.

யமுனா மாமனாரிடம் இதைச் சொல்லவில்லை. மனசு வரவில்லை. சூடு ஆறட்டும் என்று சாக்குச் சொல்லி அவரை அனுப்பிவைப்பாள்; அவர் தலை மறைந்ததும் டீ கீழ் வீட்டு ராசாத்திக்குப் போனது. வீட்டுக்காரம்மாதான், ஆனால் சொந்த அக்கா மாதிரி. "உங்க மாமனார் டீயில நான்தான் சிவந்துகிட்டு வர்றேன்" என்று கேலி பண்ணினாள்.

வைகாசியில் வளைகாப்பு. ராசாத்தி வீட்டு முன்னால் ஷாமியானா போட்டார்கள். அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் தணியவில்லை. காவிரியில் மணல்தான் ஓடியது. வாடகை ஃபேன் ரெண்டு சூடான காற்றை அள்ளி வீசின. முசிறியிலிருந்து யமுனாவின் சொந்தக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். பொன்மலையிலிருந்து மருதையின் ஜனம். எல்லோருக்கும் விஷயம் தெரியும். வளையலைப் பார்க்க வந்தவர்களைவிட பரீட்சையைப் பார்க்க வந்தவர்கள் அதிகம்.

கன்னத்தில் சந்தனம், கையில் வேப்பிலைக் காப்பு, அதன்மேல் முழங்கைவரை கண்ணாடி வளையல். யமுனா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அசையும்போதெல்லாம் கலகலவென்று சத்தம் கேட்டது. வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கட்டும் என்றார்கள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று பந்தி முடிந்தது. பந்தலில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார் பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்திக்கொண்டார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், தும்பைப்பூ வேட்டி. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறவர் என்று பொன்மலையில் பெயர் எடுத்தவர்.

"ஆரம்பிங்க வாத்தியாரே" என்றார் மருதை. அவர் மடியில் பிளாஸ்க்.

முதலில் அன்பு. வாய்ப்பாடு, மனக்கணக்கு, மாவட்டத் தலைநகரம். பயல் கேள்வி முடிவதற்குள் பதிலை எறிந்தான். பந்தல் கைதட்டியது.

அடுத்து கனிஷ்கா.

வாத்தியார் பேப்பரை நீட்டினார். "இந்தப் பத்திய வாசிம்மா. சத்தமா."

பட்டுப்பாவாடையில் நின்ற பெண் பேப்பரை வாங்கினாள். நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை கண்கள்.

"ப... ப... ப..."

ஃபேன் சத்தம்.

"ப... ப..."

பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். "ஐயோ பாவம், பொம்பளப் புள்ளைக்கு இப்படியா" என்றது இன்னொரு குரல். கனிஷ்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கோத்தது. மருதை தலையைக் குனிந்துகொண்டார். ஜெயித்த மாதிரி இல்லை அவர் முகம். யாரோ அடித்த மாதிரி இருந்தது.

"பரவால்லம்மா, உட்காரு" என்றார் வாத்தியார் கனிவாக.

உட்கார்ந்தால் முடிந்தது. பிள்ளைகள் பொன்மலைக்கு. மறுபடி யூனிபாரம், மறுபடி வாந்தி, மறுபடி ஊமை. யமுனா எழுந்து கத்த நினைத்தாள். அவளுக்குத் தெரியும் சார், எல்லாம் தெரியும் என்று சொல்ல நினைத்தாள். சொல்லி என்ன பிரயோஜனம்? தெரியும் என்பதைச் சொல்ல வேண்டியவள் அவளில்லை.

அவளால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று.

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தாள். வளையல் கைகளை வயிற்றின்மேல் வைத்தாள். அத்தனை பேர் பார்க்க, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பாருடியம்மா அதிசயத்த! புள்ள மானம் போவுது, இவ தூங்குறா!"

இருட்டு. அந்த இருட்டில் குசுகுசுப்பு ஈசல் மாதிரி மொய்த்தது. அதற்கு நடுவே ஒரு கொலுசுச் சத்தம். நெருங்கி வந்தது. நாற்காலிக் கைப்பிடியில் ஒரு சின்னக் கை விழுந்தது.

"அம்மா... நான் வே... வேற சொல்லட்டுமா?"

"உம்."

"எங்கம்மா ஏன் தூங்குறாங்கன்னு சொல்றேன்."

பந்தலில் சலசலப்பு. கனிஷ்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. அம்மாவின் மூடிய இமைகளைப் பார்த்தே பேசினாள்.

"நம்ம ரத்தத்துல குட்டிக் குட்டி பஸ் ஓடுது. செவப்பு பஸ். எங்கப்பா பஸ்ஸ விட... ரொ... ரொம்பச் சின்னது."

"அப்புறம்?" என்றாள் யமுனா.

"நுரையீரல்தான் பஸ் ஸ்டாண்டு. காத்துல இருக்குற ஆக்சிஜன்தான் பாசஞ்சர். கை, காலு, மூள எல்லாம் ஊரு. பஸ்ஸு ஊரு ஊராப் போயி பாசஞ்சர எறக்கி விடும். எறக்கி விட்டாத்தான் அந்த ஊருல வேல நடக்கும். எ... எங்கம்மா வயித்துல இப்ப புதுசா ஒரு ஊரு மொளச்சிருக்கு. அந்த ஊருக்கும் சேத்து ஓடணும். ரத்தத்துல தண்ணி நெறைய கூடிடுச்சு, ஆனா பஸ்ஸு அந்த அளவுக்குக் கூடல."

"அட!" பீமராவின் குரல்.

"அப்புறம்?"

"புது ஊருக்குத்தான் மொதல்ல பாசஞ்சர். அம்மா காலுக்குக் கம்மி. அம்மா தலைக்குக் கம்மி. அதான் தூ... தூ..."

நின்றுவிட்டது. யமுனா காத்திருந்தாள். அவசரப்படுத்தக் கூடாது. ஆனால் இதென்ன, நாற்காலி மெத்தை மாதிரி இழுக்கிறதே. நிஜமான தூக்கம் கால்வழியே ஏறி வருகிறதே. வேண்டாம், இப்போது வேண்டாம். நாக்கைக் கடித்தாள். ரத்தத்தின் இரும்பு ருசி.

"...தூங்குறாங்க. சோம்பேறித்தனம் இல்ல. அம்மா ரெண்டு ஷிப்டு பாக்குறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. குசுகுசுப்பு எப்போது நின்றது என்று யமுனாவுக்குத் தெரியவில்லை.

"அந்த பஸ்ஸுல ஒவ்வொரு சீட்டும் இரும்புல செஞ்சது. இரும்பு இல்லன்னா சீட்டு இல்ல. சீட்டு இல்லன்னா பாசஞ்சர் ஏற முடியாது, பஸ்ஸு காலியாப் போவும்."

மறுபடி ஒரு நிறுத்தம். யமுனா 'அப்புறம்' என்று சொல்ல வாயெடுத்தாள். அவள் உதடு பிரிவதற்குள் வேறொரு குரல் முந்திக்கொண்டது. கரகரத்த, சம்மட்டி அடித்துப் பழகிய குரல்.

"அப்புறம்?"

மருதை.

"இரும்பா ஆயி? ரத்தத்துலயா? சர்வீஸ் பூரா இரும்பத்தான அடிச்சேன், எனக்குத் தெரியாதே! அது எப்படி உள்ள போவுது?"

கனிஷ்கா தாத்தா பக்கம் திரும்பினாள். கொலுசு சொன்னது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள் என்று யமுனாவுக்குப் புரிந்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"கீ... கீரையில போவும் தாத்தா. மாத்திரையில போவும். ஆனா ஒரு திருடன் இருக்கான். இரும்பு வயித்துலேர்ந்து ரத்தத்துக்குப் போறதுக்குள்ள வழியிலயே புடிச்சி வச்சிக்குவான்."

"யாரு அவன்?"

"அவன் இந்தப் பந்தல்லதான் இருக்கான்."

ஸ்தனிஸ்லாஸ் வாத்தியாரின் நாற்காலி முன்னால் நகர்ந்த சத்தம்.

"உங்க ம... ம... மடியில."

"மடியிலயா? இதா?" பிளாஸ்க் மூடி குலுங்கியது.

"டீ தாத்தா. டீயில இருக்குற துவர்ப்பு இரும்ப விடாது. மாத்திரையோட டீ குடிச்சா மாத்திரை வேஸ்ட்டு. எலுமிச்சன்னா உள்ள தூக்கி விடும். டாக்டரே சொன்னாங்க."

பிளாஸ்க் தரையில் இறங்கிய சத்தம் கேட்டது.

"அப்ப..." மருதையின் குரல் இறங்கியிருந்தது. "இத்தன நாளா எம் பேரப்புள்ளயோட இரும்ப நான்தான் திருடினேனா?"

"நீங்க இல்ல, டீ."

"கொண்டாந்தது யாரு?"

"அது... நீ... நீங்கதான்."

சிரிப்பு வெடித்தது. முதலில் சிரித்தவர் மருதைதான். ராசாத்தி எங்கிருந்தோ கத்தினாள்: "பயப்படாதீங்க பெரியவரே, அந்தத் திருடன் கொஞ்ச நாளா எங்க வீட்டுலதான் குடியிருக்கான்!"

வாத்தியார் எழுந்து நின்றார். "மருதை, என்னப் பத்தி உனக்குத் தெரியும். பொங்கல் சாப்புட்டுட்டு நான் என்னிக்காவது முழிச்சிருந்திருக்கேனா? இன்னிக்கு முழிச்சிருக்கேன்யா. நூத்துக்கு நூறு. வேற என்ன வேணும் உனக்கு?"

மருதை பேத்தியைத்தான் கேட்டார். "ஸ்கூலுக்கே போவ மாட்டியா ஆயி? தாத்தா ஆசப்பட்டேன்ல?"

"போவேன் தாத்தா. பத்தாவது பரீட்சய ஸ்கூலுக்குப் போவாமலே தனியா எழுதலாமாம், அம்மா விசாரிச்சிட்டாங்க. எல்லாரும் கண்ணத் தொறந்திருந்தாலும் எனக்குப் பேச வரும்ல, அப்பப் போறேன். இன்னிக்குக் கொஞ்சம் வ... வந்துச்சு."

"வந்துச்சு" என்றார் மருதை. "உள்ள போறதுக்குத்தான் நாங்க சண்ட போட்டோம். நீ எப்ப போறதுன்னு நீ சொல்லு. பெல் உங்கையில."

எல்லாம் யமுனாவின் காதில் விழுந்தது, தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி. ஜெயித்துவிட்டோம். இனி நாக்கைக் கடிக்க வேண்டாம், சுவரைப் பிடிக்க வேண்டாம். கை தளர்ந்து வளையல்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. யாரோ ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தார்கள். வேனுக்கு நேரமாச்சு என்று முசிறி ஜனம் இரைச்சல் போட ஆரம்பித்தது.

தூக்கம் முழுசாக மூடுவதற்கு முன், கடைசியாக அந்தக் கரகரத்த குரல் கேட்டது, அத்தனை பேரையும் அதட்டி:

"யோவ், மெதுவாப் பேசுங்கய்யா. டீச்சரம்மா தூங்குறாங்க."